பேனா ஏன் நிற்கிறது?

காவிரியில் தண்ணீர் வராவிட்டால் தஞ்சைச் சீமையில் யாரும் வயலைக் கோபித்துக் கொள்வதில்லை. "இந்த மண்ணுக்கு இனிமேல் விளையும் சக்தி கிடையாது" என்று எந்தக் குடியானவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து விடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடக்கிறார். மதகு மூடிக் கிடக்கிறதா, நடுவிலே கரை உடைந்திருக்கிறதா, ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் வழியை அடைத்திருக்கின்றனவா, அல்லது மேட்டூர் அணையிலேயே இருப்பு இல்லையா என்று பார்க்கிறார். அடைப்பு எந்த இடத்தில் என்று தெரிந்து கொண்ட பிறகுதான் மண்வெட்டியை இறக்குகிறார்.

எழுதுகிறவர்களின் சுபாவமோ இதற்கு நேர் விரோதமானது. நாலு நாள் பேனா ஓடவில்லை என்றால் உடனே மண்ணைத்தான் பழிக்கிறோம். "நமக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் திறமையும் வற்றிவிட்டது, இனிமேல் எழுத்தாவது, கிழுத்தாவது!" என்று காகிதத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். வாய்க்கால் கரையோடு ஒரு முறை நடந்து பார்ப்போமே என்று நமக்குத் தோன்றுவதில்லை.

இது ஏதோ பெரிய நாவலாசிரியர்களுக்கு மட்டும் வருகிற விபத்து என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பாதி எழுதிய கதையை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் இல்லத்தரசி, ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் அத்தியாயத்தையே மூன்று வருஷமாகத் திருத்திக் கொண்டிருக்கும் மாணவர், மனஸ்தாபத்துக்குப் பிறகு அண்ணாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து "க்ஷேமம்" என்பதற்கு மேல் போக முடியாத தம்பி - எல்லோருக்கும் வந்திருப்பது ஒரே சங்கடந்தான். வெளிவராத ஒரு கதையால் உலகம் முழுகிவிடப் போவதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் வெளிவராத கடிதத்தால் ஒரு குடும்பம் இரண்டாய்ப் போனதுண்டு. ஆகையால் விஷயம் அற்பமானதல்ல.

பெயர் புதிது; நோய் பழையது

மேல்நாட்டில் இந்தச் சங்கடத்துக்குத் தனிப் பெயரே உண்டு. வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய எட்மண்ட் பெர்க்லர் என்ற மனோதத்துவ நிபுணர் 1947-ம் வருஷத்தில் அந்தப் பெயரைச் சூட்டினார் என்பார்கள். தமிழில் எழுத்து முடக்கம் என்று நாம் சொல்லலாம். பெயர்தான் புதியது, நோய் மிகப் பழையது.

பெரிய புராணம் சொல்லும் கதை ஒன்று நம் வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கல்யாணப் பந்தலில் கிழவராய் வந்து வழக்காடிய இறைவனை, சுந்தரர் கோபம் தாங்காமல் "பித்தா" என்று ஏசிவிட்டார். திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலில் உண்மை வெளிப்பட்டது. "என்னைப் பாடு" என்று ஆணை பிறந்தது. சுந்தரருக்குத் திகைப்பு, என்னவென்று தொடங்குவது? இறைவன் அழகிய சொல் எதையும் புதிதாக எடுத்துக் கொடுக்கவில்லை. "சற்று முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அதையே முதலாக வைத்துப் பாடு" என்றார். திருவாரூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு சோழ நாடெங்கும் பாடி வந்த அந்தப் பெருங்கவிஞரின் முதல் பாட்டு இவ்விதம்தான் பிறந்தது என்பது ஐதிகம்.

பக்தர்களுக்கு இது அருளின் கதை. எழுதுகிறவர்களுக்கோ இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தொடங்குவதற்கு வேண்டிய சொல் எங்கோ ஆகாயத்தில் இல்லை. பெரும்பாலும் அது நம் வாயில் ஏற்கெனவே வந்துபோன சொல்தான். நாகரிகம் போதாது என்று நாமே அதை ஒதுக்கித் தள்ளியிருக்கிறோம்.

தலைப்பில் தண்ணீர் உண்டா?

இனி, வாய்க்கால் கரையோடு நடக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், மாயூரத்திலும் திருவாவடுதுறை ஆதீனத்திலும் வாழ்ந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 - 1876). அவருக்கு எழுத்து முடக்கம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வாயால் சொல்லிக் கொண்டே போவார். மாணாக்கர் ஒருவர் பனையேட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே வருவார். சொல்கிறவருக்குத் தடை ஏற்படாது. எழுதுகிறவருடைய கைதான் ஓயும். நாகைக் காரோணப் புராணம், திருக்குடந்தைப் புராணம் என்று ஊர் ஊராகத் தல புராணங்கள் அவரிடமிருந்து பெருகின. அவருடைய மாணாக்கராகி, பின்னர் கும்பகோணம் காலேஜில் தமிழ் போதித்த உ. வே. சாமிநாதையர், தம் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக 1933, 1934-ம் வருஷங்களில் எழுதி வெளியிட்டிருக்கிறார்.

இந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது? தெய்வ கடாக்ஷம் என்று சொல்லிக் கைகுவிப்பது சுலபம். ஆனால் காரியத்தைக் கவனித்தால் மூன்று காரணங்கள் தென்படுகின்றன. முதலாவது, இருப்பு. இலக்கியமும் இலக்கணமும் புராணமும் ஆயிரக்கணக்கில் அவர் நெஞ்சில் பாடமாயிருந்தன. இரண்டாவது, கரை. விருத்தமா, அந்தாதியா, பிள்ளைத்தமிழா என்பது முன்கூட்டியே நிச்சயம். தல வரலாறும் கையில் உண்டு. என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே சமயத்தில் அவர் தலையில் சுமக்கவில்லை. மூன்றாவது, கடைமடை. ஏடும் எழுத்தாணியுமாக ஒரு மாணாக்கர் எதிரே காத்திருக்கிறார். அரங்கேற்றம் கேட்க ஊர் காத்திருக்கிறது. அணையில் இருப்பும், உறுதியான கரையும், தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் வயலும் இருந்தால் ஆறு ஓடாமல் என்ன செய்யும்?

இன்று பேனா நின்றுபோய் வருந்துகிறவர்கள் முதலில் தங்களைக் கேட்டுக் கொள்ள வேண்டியது இதுதான்: எழுத உட்காருமுன் எவ்வளவு படித்தோம்? எத்தனை பேரிடம் பேசினோம்? எத்தனை ஊரைப் பார்த்தோம்? மாயூரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த கல்கி, 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது, நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் சரித்திரத்தையும் சதாசிவ பண்டாரத்தாரின் ஆராய்ச்சியையும் கையருகில் வைத்துக் கொண்டார். ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. அதில் தேங்கக்கூடிய தண்ணீர் சுமார் 9,300 கோடி கன அடி. தேக்கி வைத்திருப்பதனால்தான் திறக்க முடிகிறது. தலைப்பிலே தண்ணீர் இல்லாதவர் கடைமடையில் நின்று மண்ணை வெட்டுவதில் பலனில்லை. அவர் செய்ய வேண்டியது பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுப்பதுதான்.

தூர்ந்த வாய்க்கால்

ஆனால் தலைப்பில் தண்ணீர் நிரம்பியிருந்தும் வயல் காய்கிற வருஷங்கள் உண்டு. அணையைத் திறந்து பல நாளாகியும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற புகாரைக் காவிரிக் கரையில் கேட்காதவர் யார்? அங்கே குற்றம் அணையிலே இல்லை. நடுவில் படிந்த வண்டலில் இருக்கிறது. நம் அநுபவத்தில், பேனா நின்று போனவர்களில் பெரும்பாலோருக்கு நேர்ந்திருப்பது இதுவே.

அந்த வண்டல் எது? நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசையே அளவுக்கு மிஞ்சிப் போய் அடியில் படிந்து விடுகிறது. 1980-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக் ரோஸ் என்பவர் பத்து மாணவர்களை அழைத்துப் பேசிப் பார்த்தார். அவர்களில் ஐந்து பேர் எழுத முடியாமல் திண்டாடுகிறவர்கள்; ஐந்து பேர் தடையின்றி எழுதுகிறவர்கள். திறமையில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அவர்கள் தங்களுக்கு விதித்துக் கொண்டிருந்த சட்டங்களில் இருந்தது. முதல் பாராவிலேயே வாசகரைக் கட்டிப்போட வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் பிறக்கும்போதே பிழையின்றிப் பிறக்க வேண்டும் என்ற மாதிரியான விதிகளைத் திண்டாடியவர்கள் இரும்பு விலங்காகப் பூட்டிக் கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கும் விதிகள் இருந்தன. ஆனால் காரியம் நடக்காதபோது அவற்றைத் தளர்த்தி விடுவார்கள்.

நாற்றங்காலில் விதை தெளிக்கும்போதே கதிரைத் தேடுகிறவன் உண்டா? முதல் பிரதி என்பது நாற்றங்கால். அதில் நெருக்கமும் இருக்கும், களையும் இருக்கும். பறித்து, முடிச்சுக் கட்டி, வேறு வயலில் இடைவெளிவிட்டு நடுகிற வேலை பின்னால் வருவது. எழுதுகிற வேளையும் திருத்துகிற வேளையும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டவர் ஒரு வரி எழுதுவார். அரை மணி நேரம் அதை அடித்துத் திருத்துவார். பிறகு அதையும் கிழித்து விடுவார். அவருக்கு விளைச்சல் இல்லாமற் போவதில் ஆச்சரியமில்லை.

கேட்கிற காது

கும்பகோணத்தில் 1902-ல் பிறந்த கு. ப. ராஜகோபாலனின் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு சம்பவத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது தகும். மதுரை ஜில்லா மேலூரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து வந்தபோது அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. பார்வை மங்கியது, உத்தியோகமும் போயிற்று. எழுத்தாளனுக்குப் பேனா நிற்பது ஒரு விதம். காகிதமே கண்ணுக்குத் தெரியாமல் போவது மற்றொரு விதம். இதைவிடப் பெரிய அடைப்பு என்ன இருக்க முடியும்?

அவர் நின்றுவிடவில்லை. தங்கை சேது அம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கதைகளைச் சொன்னார். அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். வைத்தியத்தினால் பிற்பாடு பார்வை திரும்பிற்று. அவர் எழுதிய சிறுகதைகளின் சிக்கனத்தையும், பேச்சின் நயத்தையும், சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கும் பொருளையும் தமிழ் வாசகர்கள் இன்றும் வியக்கிறார்கள். 1944-ல், 42-வது வயதிலேயே, அவர் காலமானார். அண்ணன் சொல்ல எழுதிய அந்தத் தங்கையும் நாளடைவில் தாமே சிறுகதை ஆசிரியையாக விளங்கினார். ஒரு வாய்க்காலில் அடைப்பு எடுக்கப் போனதில் இரண்டு வயல்கள் விளைந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

ருஷியாவிலும் இது போல் நடந்திருக்கிறது. 1866-ல் டாஸ்டாவ்ஸ்கி ஒரு பதிப்பாளரிடம் கடுமையான ஒப்பந்தத்தில் அகப்பட்டுக் கொண்டார். குறித்த நாளுக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால், பின்னால் ஒன்பது வருஷங்களுக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்தப் பதிப்பாளர் சன்மானமின்றி வெளியிட்டுக் கொள்ளலாம். கெடு நெருங்கியும் ஒரு பக்கம்கூட எழுதியபாடில்லை. நண்பர்களின் யோசனைப்படி, சுருக்கெழுத்துக் கற்ற அன்னா என்ற இளம் பெண்ணை அமர்த்திக்கொண்டார். அவர் சொல்ல, அன்னா எழுத, 26 நாட்களில் 'சூதாடி' என்ற நாவல் முடிந்தது. மறு வருஷம் அன்னாவையே விவாகமும் செய்துகொண்டார்!

மகாவித்துவானும், கு. ப. ரா.வும், ருஷிய ஆசிரியரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று உலகங்களில் வாழ்ந்தவர்கள். ஆனால் மூவருக்கும் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். இதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். நம் நாட்டில் கதையும் பாட்டும் நெடுங்காலம் வாயிலிருந்து காதுக்குப் போய்க் கொண்டிருந்தவை. கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் தனியாக வெள்ளைக் காகிதத்தோடு மல்லுக்கு நிற்பது மிகவும் பிற்காலத்து வழக்கம். திண்ணையில் உட்கார்ந்து, நடந்த ஒரு சண்டையை அங்க அசைவுகளோடு அரை மணி நேரம் வர்ணிக்கத் தெரிந்தவரே, அதை எழுதச் சொன்னால் ஆறு வரியில் நின்று விடுகிறார். அவரிடத்தில் குறைந்து போனது திறமையல்ல, கேட்கிற காதுதான்.

கேட்கிற காது ஒரு பத்திரிகையாகவும் இருக்கலாம். கும்பகோணத்துக்காரரான ந. பிச்சமூர்த்தி 1934-ல் 'மணிக்கொடி'யில் புதுக் கவிதை எழுதத் தொடங்கியவர். பிறகு தேவஸ்தான நிர்வாக உத்தியோகம். கவிதையில் பல வருஷ மௌனம். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்றை மறுபடியும் வெளியிட்டார். இளைஞர்கள் அதைப் படித்துத் தாங்களும் எழுத ஆரம்பித்தார்கள். அறுபது வயதை நெருங்கிய பிச்சமூர்த்தியும் திரும்பக் கவிதை எழுதலானார். உள்ளே தண்ணீர் இருந்துகொண்டுதான் இருந்தது. கேட்பாரில்லாததால் மதகு மூடிக் கிடந்தது.

முறைப்பாசனம்

இனி, நாள் கணக்கைப் பற்றிச் சற்று யோசிப்போம். "உற்சாகம் வரும்போதுதான் எழுதுவேன்" என்று சொல்லுவது கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் உற்சாகம் வந்தால்தான் நாற்று நடுவேன் என்று ஒரு மிராசுதார் சொன்னால் ஊர் சிரிக்காதா? மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது முதல், இருப்பு உள்ள வருஷங்களில் ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கமாயிருக்கிறது. தண்ணீர் தட்டுப்படும்போது முறைவைத்து விடுகிறார்கள். கொஞ்சமானாலும் குறித்த நாளில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் பயிர் தாக்குப் பிடிக்கும்.

இங்கிலாந்தில் தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், 47 நாவல்கள் எழுதியவர் அந்தோணி டிரொல்லப். காலை 5.30 மணிக்கு மேஜையில் உட்கார்ந்து விடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று கணக்காக எழுதுவார். தம்மை விடியுமுன் எழுப்புவதற்காகவே ஒரு வேலைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகப்படியாகக் கொடுத்தார். காபி கொண்டுவந்த அந்த மனிதருக்குத் தம் வெற்றியில் பெரும் பங்கு உண்டு என்றும் ஒப்புக்கொண்டார். கும்பகோணம் காபி கிடைக்கும் ஊரில் இருக்கும் நமக்கு இந்த ஒரு வசதியிலாவது குறைவில்லை! 1883-ல் அவருடைய சுயசரிதம் வெளியானபோது, கலையைக் கடிகாரம் வைத்துச் செய்தாரே என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் நாவல்கள் இன்னும் நிலைத்து நிற்கின்றன.

இவ்விதம் கட்டாயத்தில் எழுதினால் எழுத்தின் ஜீவன் போய்விடாதா? நியாயமான சந்தேகம். 1983-ல் ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் இதைப் பரீட்சித்துப் பார்த்தார். எழுதத் தடுமாறிய ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவினர் அவசரம் இல்லாவிட்டால் எழுதக்கூடாது. இன்னொரு பிரிவினர் மனம் வந்தபோது எழுதலாம். மூன்றாவது பிரிவினர் மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த வேளையில் எழுதியே தீர வேண்டும். மூன்றாவது பிரிவினர் அதிகப் பக்கங்கள் எழுதியது அதிசயமல்ல. புதுமையான எண்ணங்களும் அவர்களுக்கே அதிகமாக உதித்தன என்பதுதான் அதிசயம். எழுதாமல் காத்திருந்தவர்களுக்கு எண்ணங்களும் மிகக் குறைவாகவே வந்தன. உற்சாகம் வந்து வேலையைத் தொடங்கி வைக்கும் என்று எதிர்பார்க்கிறோம்; உண்மையில் வேலை தொடங்கிய பிறகுதான் உற்சாகம் வந்து சேர்கிறது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளியாயிற்று. அத்தனை வாரங்களிலும் அவருக்குத் தலைவலியோ சலிப்போ வந்திராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அச்சாபீஸ் காத்திருந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்கள் காத்திருந்தன. ஐந்து பாகங்களும் முடிந்தன.

சித்திரை மாதத்தில் நம் கிராமங்களில் நல்லேர் பூட்டுவார்கள். அன்றைக்கு யாரும் ஒரு வேலியை உழுது முடிப்பதில்லை. பூஜை செய்து, மாட்டைக் கட்டி, நாலு சால் ஓட்டிவிட்டுக் கரையேறி விடுவார்கள். ஆனாலும் அந்த வருஷத்து வேளாண்மை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பேனா நின்று போனவர் தினம் நாலு சால் ஓட்டினால் போதும். கால் மணி நேரம்; அரைப் பக்கம். நன்றாயிருக்கிறதா என்று அன்று பார்க்கக் கூடாது.

நோயும் அன்னமும்

எல்லா அடைப்பும் பழக்கத்தினால் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. வயிற்றுக் கவலை பேனாவைப் பிடித்து நிறுத்துவதுண்டு; வியாதியும் நிறுத்துவதுண்டு.

எம். வி. வெங்கட்ராம் 1920-ல் கும்பகோணத்தில் பிறந்தார், சௌராஷ்டிரக் குடும்பம், பட்டு, ஜரிகை வியாபாரம். பதினாறு வயதில் 'மணிக்கொடி'யில் முதல் கதை வெளியாயிற்று. 1948-ல் 'தேனீ' என்ற பத்திரிகையும் நடத்தினார். பிறகு வாழ்க்கை அவரைப் பல விதத்தில் சோதித்தது. பிழைப்பின் பொருட்டு ஏராளமான சிறு வரலாற்றுப் புத்தகங்களை எழுத நேர்ந்தது. அதைவிடக் கொடியது, அவர் காதுகளில் ஓயாமல் ஒலித்த குரல்கள். இல்லாத குரல்கள் நீண்ட காலம் அவரை இகழ்ந்தும் மிரட்டியும் வதைத்தன. அமைதியாக ஒரு வரி சிந்திப்பதே யுத்தமாகிவிட்ட நிலையில், எழுதுவது எப்படி?

தம்மை எழுதவிடாமல் தடுத்த அந்தக் குரல்களையே கடைசியில் அவர் கதைப் பொருளாக்கிக் கொண்டார். மகாலிங்கம் என்ற பாத்திரத்தின் மேல் ஏற்றி எழுதிய 'காதுகள்' நாவல் 1992-ல் வெளிவந்தது. 1993-ம் வருஷத்துச் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். "பித்தா" என்ற ஏசலையே முதற் சொல்லாக்கிய பழைய கதையை இது நமக்கு நினைவூட்டுகிறதல்லவா? எது வழியில் குறுக்கே விழுந்து கிடக்கிறதோ, சில சமயம் அதுவே எழுத வேண்டிய பொருளாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இத்தகைய நோய் எழுத்தாளனுக்கு அலங்காரம் அல்ல. இரவு தூக்கமில்லை, எதிலும் ருசியில்லை, வாழ்வே பாரமாயிருக்கிறது, இல்லாத குரல் கேட்கிறது என்றால், அங்கே குறை வாக்கியத்தில் இல்லை. தாமதமின்றி வைத்தியரிடம் போவதுதான் முறை. கு. ப. ரா.வின் கண் புரை தங்கையின் அன்பினால் மட்டும் நீங்கிவிடவில்லை, வைத்தியமும் வேண்டியிருந்தது.

தரிசும் வயலே

கடைசியாக, அடைப்பே இல்லாத ஒரு மௌனமும் உண்டு. செம்மங்குடியில் 1907-ல் பிறந்த மணி, கும்பகோணத்திலும் சிதம்பரத்திலும் வாழ்ந்தவர். 'மணிக்கொடி' ஆசிரியர் பி. எஸ். ராமையாவின் தூண்டுதலால் கதை எழுத வந்தார். அவருக்கு மௌனி என்ற புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாதான். 1936-ல் கதைகள் அச்சேறத் தொடங்கின. 1985-ல் அவர் காலமானார். இந்த அரை நூற்றாண்டில் அவர் எழுதிய கதைகள் 24-தான். புதுமைப்பித்தனோ அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று போற்றினார்.

அவரை முடங்கிப் போனவர் என்று நாம் சொல்லலாமா? கூடாது. குறுவைக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல், சம்பாவுக்கு ஐந்து மாதம், தென்னைக்கு வருஷங்கள். எல்லாவற்றையும் ஒரே மரக்காலால் அளப்பது நியாயமல்ல. கோடையில் வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து யாரும் அது செத்துவிட்டதென்று விற்று விடுவதில்லை. ஆனால் அந்தக் கோடையில் குடியானவர் சும்மா இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அப்போதுதான் வாய்க்காலைத் தூர் வாருகிறார், கரையைச் செப்பனிடுகிறார், எரு அடிக்கிறார். முன் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே கூடி இந்த வேலையைச் செய்தது. ஜூன் மாதத்தில் தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுகிறவனுக்குக் கிடைப்பது சேறுதான்.

ஆகையால், எழுதுவதை விட்டுவிட்ட நேயர்களுக்கு நாம் சொல்லிக் கொள்ளுவது இவ்வளவே. மண்ணைப் பழிக்க வேண்டாம். கரையோடு நடந்து பாருங்கள். தலைப்பில் தண்ணீர் இல்லையென்றால் படியுங்கள், ஊரைச் சுற்றுங்கள். வண்டல் அடைத்திருந்தால், நன்றாக எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தைச் சில நாள் பரணில் போட்டு வையுங்கள். கேட்பாரில்லை என்றால், வீட்டிலேயே ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் கதையைச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள். எதுவும் தோன்றாத நாளில், எது உங்களை எழுதவிடாமல் தடுக்கிறதோ அதைப் பற்றியே நாலு வரி எழுதுங்கள்.

வீட்டில் எழுதுகிறவர் யாரும் இல்லாத நேயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அரிசிப் பானைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பது உங்களுக்குத் தெரிய வந்தால், திறந்து பார்த்துச் சிரிக்காதீர்கள். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மதகைத் திறக்க அநேகமாக அது போதும்.